கைப்பிடிச் சுவரும் மூன்று வயதும்

மூன்று வயது நிறைந்த குழந்தையின் உயரம் சராசரியாக 95 சென்டிமீட்டர். எடை 14 கிலோவை ஒட்டி இருக்கும். பால்கனிக் கைப்பிடிச் சுவரின் உயரம் நம் கட்டட விதிகளின்படி ஏறத்தாழ ஒரு மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை. இந்த எண்களை மட்டும் பார்த்தால் மனதுக்கு நிம்மதி வந்துவிடும். குழந்தையின் உச்சந்தலையே சுவரின் விளிம்பைத் தொடவில்லையே! ஆனால் அடுக்ககங்களில் நடக்கும் விபத்துகளைப் புரிந்துகொள்ள இன்னோர் எண்ணும் தேவை. வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

நிற்கும் ஒருவரின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அந்தப் புள்ளியே அவருடைய ஈர்ப்பு மையம். பெரியவர்களுக்கு அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்குள் அமைகிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்குத் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி அதைவிட உயரமாக இருந்தால், அவர் தடுமாறி அதில் மோதினாலும் உள்பக்கமே நிற்பார். தாழ்வாக இருந்தால், மோதிய வேகத்தில் மேலுடம்பு வெளியே கவிழும். ஒரு மீட்டரை ஒட்டிய கைப்பிடி பெரியவர்களைக் காப்பாற்றுவது இதனால்தான். அது பெரியவர்களின் இடுப்புக்குப் பொருந்தும் கணக்கு.

குழந்தையின் உடம்பு வேறு கணக்கு. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். மூன்று வயதிலும் தலை பெரிது, கால்கள் குட்டை. அதனால் ஈர்ப்பு மையம் தொப்புளுக்கு மேலே ஏறி, தரையிலிருந்து ஏறக்குறைய 55 சென்டிமீட்டரில் நிற்கிறது. இந்தக் குழந்தை 45 சென்டிமீட்டர் நாற்காலியில் ஏறி நின்றால் மொத்தம் 100 சென்டிமீட்டர். கைப்பிடியின் விளிம்பும் அங்கேதான் இருக்கிறது. கீழே என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்கும்போது தலையும் கைகளும் வெளியே நீள்கின்றன, எடை முன்னால் நகர்கிறது, பாதங்கள் இருக்கையை விட்டு எழும்புகின்றன. அதற்குமேல் குழந்தை எதுவும் செய்ய வேண்டியதில்லை. தலையின் கனமே மற்றதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். விழுந்த குழந்தை ஓடியிருக்க வேண்டியதில்லை, குறும்பு செய்திருக்க வேண்டியதுமில்லை. ஆவலோடு எட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

இதற்கு ஆகும் நேரத்தையும் பார்க்க வேண்டும். பாதம் எழும்பியதிலிருந்து உடம்பு விளிம்பைக் கடக்க ஒரு வினாடிக்கு மேல் பிடிக்காது. அடுப்படியில் நிற்கும் ஒருவர் சத்தம் கேட்டுத் திரும்பி, என்னவென்று புரிந்து, கூடத்தைக் கடந்து பால்கனிக்கு வர எப்படியும் மூன்று நான்கு வினாடிகள் ஆகும். "கண் இமைக்கும் நேரத்தில்" என்று இத்தகைய செய்திகளில் எப்போதும் எழுதப்படும் தொடர் இங்கே கிட்டத்தட்ட உண்மை. விழுந்த பிறகான கணக்கு பள்ளி இயற்பியல்தான். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று கொண்டால், ஒரு மாடி உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஐந்து மாடி என்றால் 60 கிலோமீட்டருக்கு மேல். பத்து மாடி உயரத்தைக் கடக்க இரண்டரை வினாடி, வேகம் 85 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனை மருத்துவர்கள் பத்தாண்டுக் காலத்தில் தங்களிடம் கொண்டுவரப்பட்ட, உயரத்திலிருந்து விழுந்த 61 குழந்தைகளைப் பற்றி 1983இல் எழுதினார்கள். மூன்று மாடியோ அதற்குக் குறைவாகவோ விழுந்த குழந்தைகள் அனைவரும் பிழைத்திருந்தனர். ஐந்து, ஆறு மாடி என்று வந்தபோது பாதிப் பேர் இறந்திருந்தார்கள். இளம் எலும்புகளின் வளையும் தன்மையும் குறைந்த எடையும் ஓரளவு கைகொடுக்கின்றன. வழியில் ஒரு சன்ஷேடிலோ மரக்கிளையிலோ பட்டு வேகம் குறைவதும் உண்டு. ஆனால் பிழைப்பது வேறு, முழுதாக மீள்வது வேறு. தலை கனமாக இருப்பதால் சிறு குழந்தைகள் பெரும்பாலும் தலைப்பக்கமாகவே தரையைத் தொடுகிறார்கள். 1990 முதல் 2008 வரையிலான அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று, ஜன்னலிலிருந்து விழுந்து ஆண்டுக்குச் சராசரியாக 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வந்ததாக மதிப்பிட்டது. அவர்களில் நான்கு வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்களுக்கே தலைக்காயம் அதிகம்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.3 மீட்டரைத் தாண்டினால்தான் ஒரு கட்டடம் உயர்மாடிக் கட்டடம். தீயணைப்பு வண்டி, படிக்கட்டு, காற்றோட்டம் ஆகியவற்றுக்கு அந்த வரையறை பொருத்தமாக இருக்கலாம். குழந்தையின் மண்டையோட்டைப் பொறுத்தவரை முதல் மாடியே உயர்மாடிதான். "நாங்கள் இரண்டாவது மாடியில்தானே இருக்கிறோம்" என்று ஆறுதல்பட இதில் இடமில்லை.

சரி, குழந்தைக்கு உயரம் என்றால் பயம் கிடையாதா?

1960இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் நடத்திய சோதனை உளவியல் பாடநூல்களில் நிலைத்த இடம் பெற்றது. கனமான கண்ணாடி பதித்த ஒரு மேசை. ஒரு பாதியில் கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம்போட்ட துணி. மறுபாதியில் அதே துணி தரை மட்டத்தில். பார்த்தால் பள்ளம், தொட்டால் கண்ணாடி. ஆறரை மாதம் முதல் 14 மாதம் வரையிலான 36 குழந்தைகளை நடுவில் விட்டு, தாய்மார்களை இரு பக்கமும் மாறி மாறி நின்று கூப்பிடச் சொன்னார்கள். இடம் விட்டு நகர்ந்த 27 குழந்தைகளும் ஆழமில்லாத பக்கத்துக்குத் தவழ்ந்து போயின. பள்ளத்தின் மேல் போக மூன்றே குழந்தைகள் துணிந்தன. தவழும் வயதிலேயே பள்ளம் குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிறது என்பது இதில் உறுதியானது.

பெற்றோர் இதோடு நிறுத்திக்கொண்டால் தவறான தெம்புதான் மிஞ்சும். அதற்குப் பின் வந்த ஆய்வுகள் இந்தக் கதையை வெகுவாகத் திருத்தின. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழந்தைகளைச் சரிவுப் பலகைகளில் விட்டு, தவழத் தொடங்கியதிலிருந்து நடக்கும் வரை தொடர்ந்து கவனித்தார். பக்கத்தில் பிடிக்க ஆள் நின்றுகொண்டிருக்கும். தவழக் கற்ற புதிதில் குழந்தைகள் எந்தச் சரிவிலும் தலைகுப்புற இறங்கின. வாரங்கள் போகப் போக எது இறங்கக்கூடியது, எது கூடாது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு செங்குத்தான சரிவில் தயங்கி நின்றன. அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் என்ன நடந்தது? தவழும்போது தவிர்த்த அதே சரிவில், நடந்தபடி நேராகப் போய் விழுந்தன. கற்றது அத்தனையும் தவழும் உடம்போடு நின்றுவிட்டது, நடக்கும் உடம்பு மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அவருடைய இன்னோர் ஆய்வில், உட்கார்ந்து பழகிய குழந்தைகள் உட்கார்ந்த நிலையில் பள்ளத்தின் விளிம்பைச் சரியாகக் கணித்தன. தவழும் நிலையில் வைத்தபோது அதே பள்ளத்துக்குள் போய் விழுந்தன.

என்னைப் பொறுத்தவரை குழந்தைப் பாதுகாப்பைப் பற்றி அறிவியல் சொன்னவற்றில் மிகப் பயனுள்ள செய்தி இது. "என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஓரத்துக்குப் போகவே போகாது" என்று தாத்தாவும் பாட்டியும் பெருமையாகச் சொல்வது பொய்யல்ல. போன மாதம்வரை அது உண்மை. இந்த மாதம் பிள்ளை ஏறக் கற்றிருக்கிறது. ஏறும் உடம்புக்கு விளிம்பைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது.

1985இல் வெளிவந்த இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். அதே கண்ணாடி மேசை. பள்ளத்தின் ஆழத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்து, போகலாமா வேண்டாமா என்ற குழப்பம் ஒரு வயதுக் குழந்தைக்கு வரும்படி செய்தார்கள். மறுமுனையில் தாய். தாய் சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. பயந்த முகம் காட்டியபோது 17இல் ஒன்றுகூட வரவில்லை. சந்தேகம் வரும் இடத்தில் குழந்தை தன் கண்ணைவிட அம்மாவின் முகத்தை நம்புகிறது.

வேலைக்குப் போகும் அப்பா கீழே பைக்கை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, ஐந்தாம் மாடியில் நிற்கும் பிள்ளைக்குச் சிரித்துக் கையசைக்கிறார். பிள்ளையும் டாட்டா காட்டுகிறது. அன்பான வழக்கம்தான். ஆனால் அந்தக் காட்சியில் விளிம்பும், கீழே மிகவும் பிடித்த ஆளும், அவருடைய சிரித்த முகமும் ஒன்றாகச் சேர்கின்றன. நாளைக்கு அப்பா போன பிறகு, நேற்றுப் பார்த்ததை இன்னொருமுறை பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் அறிவு மூன்று வயதுக்கு உண்டு. அந்த வழக்கத்தை வாசற்கதவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆக, குழந்தைக்குப் பள்ளம் தெரிந்தாலும் அந்த அறிவை நம்பி இருக்க முடியாது. பெரியவர்களின் கண்காணிப்பும் வினாடிக் கணக்கில் தோற்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது ஜன்னலும் கைப்பிடியும்தான். இதைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்திக் காட்டிய நகரம் நியூயார்க்.

1960களில் அங்கே குழந்தைகள் ஜன்னலிலிருந்து விழுவது ஒரு கொள்ளைநோய் போல இருந்தது. இது என் ஒப்புமையன்று. 1971இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வந்த கட்டுரையின் தலைப்பே உயரத்திலிருந்து விழுதலை நகரத்துக் குழந்தைகளின் கொள்ளைநோய் என்று அழைத்தது. 1965 முதல் 1969 வரையிலான ஐந்தாண்டுகளில் மட்டும் அந்த நகரில் 15 வயதுக்குட்பட்ட 123 குழந்தைகள் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார்கள். பெரும்பாலும் ஏழைகளின் பழைய அடுக்குமாடிகள். குளிர்பதன வசதி கிடையாது. வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும்.

நகரின் சுகாதாரத் துறை 1972இல் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயரைத் தமிழில் "குழந்தைகளால் பறக்க முடியாது" என்று சொல்லலாம். சார்லட் ஸ்பீகல், பிரான்சிஸ் லிண்டமன் என்ற இருவர் 1977இல் அதன் அனுபவத்தைப் பதிவு செய்தார்கள். ஒரு குழந்தை விழுந்தால் மருத்துவமனையும் காவல் நிலையமும் உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். செவிலியர் அந்த வீட்டுக்கே போய், எந்த ஜன்னல், எவ்வளவு திறந்திருந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். தொண்டர்கள் வீடு வீடாகப் போய் ஆபத்தான ஜன்னல்களைச் சுட்டிக்காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு எளிதில் பொருத்தக்கூடிய ஜன்னல் தடுப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். 1975க்குள் பிராங்க்ஸில் பதிவான விபத்துகள் பாதியாகக் குறைந்தன.

அந்தப் பலனைப் பார்த்து 1976இல் நகரின் சுகாதார வாரியம் விதியே கொண்டுவந்தது. பத்து வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தை வசிக்கும் அடுக்ககத்தில் ஜன்னல் தடுப்பு போடுவது கட்டட உரிமையாளரின் கடமை. தடுப்பில் நாலரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பொறுப்பு யாருடைய தோளிலிருந்து யாருடைய தோளுக்கு மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை "பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று தாயிடம் சொல்லிவந்த நகரம், அதன் பிறகு "ஜன்னலைச் சரிசெய்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னது.

இதன் பின்னணியில் வில்லியம் ஹேடன் என்ற மருத்துவரின் சிந்தனையும் உண்டு. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கென்று 1966இல் அமைக்கப்பட்ட அரசு அமைப்பின் முதல் தலைவர் அவர். மனிதர் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துச் செய்ய வேண்டிய பாதுகாப்பைவிட, யாரும் எதுவும் செய்யாமலே வேலைசெய்யும் பாதுகாப்பே பலருக்குப் பயன்படும் என்று அவர் வாதிட்டார். ஜன்னலை மூட மறப்பது மனித இயல்பு. திருகாணி போட்டு முடுக்கிய தடுப்புக்கு மறதி கிடையாது.

வசதி இருந்தால் இந்த ஆபத்து நெருங்காது என்றும் சொல்ல முடியாது. 1991 மார்ச்சில் புகழ்பெற்ற கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் நான்கரை வயது மகன் நியூயார்க்கின் உயர்ந்த கட்டடம் ஒன்றின் 53ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். துடைப்பதற்காகத் திறக்கப்பட்டிருந்த ஜன்னல் அது.

நம் ஊருக்கு வருவோம். 2024 ஏப்ரல் இறுதியில், சென்னையின் புறநகர் அடுக்ககம் ஒன்றில் கைக்குழந்தை ஒன்று மாடியிலிருந்து நழுவி, கீழே நீட்டியிருந்த கூரைத் தகட்டின் ஓரத்தில் தங்கியது. கீழே அக்கம்பக்கத்தார் போர்வையை விரித்துப் பிடித்து நிற்க, சிலர் ஜன்னல் வழியே ஏறி அந்தக் குழந்தையை உயிரோடு மீட்டார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. பார்த்த பலர் மீட்டவர்களைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. "பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள்" என்று அந்தத் தாயை இணையத்தில் ஏசினார்கள். சில வாரங்களில் அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். வசைகளால் மனமுடைந்து போயிருந்தார் என்று செய்திகள் கூறின.

அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஏசியவர்களில் எத்தனை பேர் அந்த பால்கனியின் கைப்பிடி உயரம் என்ன, அதில் கிரில் இருந்ததா என்று கேட்டார்கள்? பிராங்க்ஸின் செவிலியர் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்ட கேள்வி அதுவே. தாயை ஏசியதால் தமிழ்நாட்டில் ஒரு கைப்பிடியும் ஒரு சென்டிமீட்டர்கூட உயரவில்லை. ஒரு பெண்ணின் உயிர்தான் போனது. பழி சொல்லும் பழக்கம் கொடுமையானது மட்டுமல்ல. "எனக்கு இது நடக்காது, நான் கவனமானவள்" என்ற நினைப்பை மற்ற வீடுகளில் வளர்த்து, அங்கே இருக்கும் நாற்காலியை அதே இடத்தில் விட்டுவைக்கிறது.

நம் தெருக்களில் ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய வீடுகளில் இந்தப் பிரச்சினை குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம் திருடன். அவனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி வைத்தோம். அது பிள்ளைகளையும் காத்தது. பன்னிரண்டாவது மாடிக்குத் திருடன் ஏறமாட்டான் என்பதால் கம்பி போயிற்று. ஸ்லைடிங் ஜன்னல், தரையை ஒட்டிய கண்ணாடி, நகரத்தையே பார்க்கும் பால்கனி என்று விளம்பரங்கள் வந்தன. கிரில் போட்டுக்கொள்கிறோம் என்று குடியிருப்பவர் கேட்டால், "எலிவேஷன் கெட்டுப்போகும்" என்று மறுக்கும் அசோசியேஷன்கள் உண்டு. வெளித்தோற்றத்துக்காகக் குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கும் அந்த விதியை எந்தக் கூட்டத்திலும் எதிர்த்துப் பேசலாம், பேச வேண்டும்.

கைப்பிடியில் உயரத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது இடைவெளி. இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை எந்த இடைவெளியிலும் நுழையக் கூடாது என்கிறது. தவழும் குழந்தையின் உடம்பு அதற்குள் போகாது என்பதே அந்த எண்ணின் காரணம். இடைவெளி கொஞ்சம் பெரிதானால் இன்னொரு கொடுமை நேரும்: கால் முதலில் நுழைந்து, உடம்பும் நழுவி, உடம்பைவிடப் பெரிய தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். வீட்டில் அளவுநாடா எடுத்துக் கம்பிகளுக்கு நடுவிலும், கடைசிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவிலும், கைப்பிடியின் அடியிலும் அளந்துவிட ஐந்து நிமிடம் ஆகும். அடிப்பக்கத்தை அளக்க மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, கம்பிகளின் திசை. நீளவாட்டில் படுக்கையாக ஓடும் கம்பிகள் பார்வைக்கு அழகாக இருக்கின்றன. குழந்தைக்கு அவை படிகள். அப்படிப்பட்ட கைப்பிடி 1.2 மீட்டர் இருந்தும் பயனில்லை. செங்குத்துக் கம்பி நல்லது. கண்ணாடித் தடுப்பில் கால் வைக்க இடமில்லை என்பதால் அது இன்னும் நல்லது, ஆனால் என்ன கண்ணாடி என்று பில்டரிடம் கேட்க வேண்டும். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் மொத்தமும் சிறு சிறு துண்டுகளாகக் கொட்டி, அங்கே வெறும் திறப்புதான் இருக்கும். நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் இடத்திலேயே நிற்கும்.

ஜப்பானில் பால்கனிக் கைப்பிடி குறைந்தது 1.1 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கும் குழந்தைகள் விழுகிறார்கள். காரணங்களை ஆராய்ந்தபோது திரும்பத் திரும்ப வந்த பொருள் ஏசியின் அவுட்டோர் யூனிட். பால்கனியில் கைப்பிடியை ஒட்டி வைத்த அந்தப் பெட்டி எப்போதும் அங்கேயே நிற்கும் ஏணியாகிவிடுகிறது. அதைக் கைப்பிடியிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள் என்பது அங்கே தரப்படும் அறிவுரை. சென்னையின் பால்கனிகளை நிமிர்ந்து பார்த்தால் இது எவ்வளவு பொருத்தமான அறிவுரை என்று புரியும். அவுட்டோர் யூனிட், வாஷிங் மெஷின், செடித் தொட்டி, கவிழ்த்து வைத்த பக்கெட், கட்டி வைத்த பழைய செய்தித்தாள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வீட்டுக்குள் இதே வேலையை ஜன்னலோரக் கட்டில் செய்கிறது. காற்றுக்காக ஜன்னலை ஒட்டிக் கட்டில் போடுவது நம் வழக்கம். தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஜன்னல் தொடங்கினாலும், மெத்தை மேல் நிற்கும் பிள்ளைக்கு அது இடுப்பளவுதான்.

ஜன்னல் எவ்வளவு திறக்கலாம்? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. 2018 மார்ச்சுக்குள் எல்லா அடுக்ககங்களும் தங்கள் ஜன்னல்களில் தடுப்பான் பொருத்த வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதைப் பொருத்தினால் ஜன்னல் 12.5 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காது. 250 நியூட்டன் விசையை, அதாவது ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமமான தள்ளலை, அது தாங்க வேண்டும். பொருத்தும் பொறுப்பு தனித்தனி வீட்டுக்காரரிடம் விடப்படவில்லை, நம் அசோசியேஷனுக்கு இணையான உரிமையாளர் சங்கத்திடம் கொடுக்கப்பட்டது. ஸ்லைடிங் ஜன்னலின் தண்டவாளத்தில் ஒரு சிறு உலோகத் தடுப்பை முடுக்கினால் இதே பலன் கிடைக்கும்.

கொசுவலை ஜன்னல் தடுப்பாகாது. காந்தப் பட்டையிலோ வெல்க்ரோவிலோ ஒட்டிய வலை கொசுவின் எடையைத் தாங்கச் செய்தது. 14 கிலோ சாய்ந்தால் சட்டத்தோடு கழன்று போகும். வலை இருக்கிறது என்ற தைரியத்தில் ஜன்னலை முழுக்கத் திறந்துவிடுகிறோம் என்பதால், வலை இல்லாத ஜன்னலைவிட இது சில நேரம் அதிக ஆபத்து. புறா வலையும் அப்படித்தான். நல்ல வலையாகவே இருந்தாலும், வருடக்கணக்கில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு நூல் நைந்திருக்கும். எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது பரவலாகி வரும் மெல்லிய எஃகுக் கம்பித் தடுப்பு, இன்விசிபிள் கிரில் என்று விற்கப்படுவது, ஒழுங்காகப் போட்டால் பலமானது. ஆனால் அது இழுவிசையில் நிற்கும் கம்பி. தளர்ந்துவிட்டால் இரு கையாலும் விலக்கிவிடலாம். அதனால் 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று விற்பனையாளர் சொன்னால் மறுத்து, ஐந்தாகக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இழுவையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பால்கனியைத் தவிரவும் இடங்கள் இருக்கின்றன. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்க வேண்டும். குழாய்கள் ஓடும் டக்ட்டின் கதவு எந்தத் தளத்திலும் திறந்து கிடக்கக் கூடாது. மடக்குக் கதவு போட்ட பழைய லிஃப்ட்டில் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஒரு சிறு பிள்ளை நிற்கும் அளவு இடைவெளி இருக்கலாம். பிள்ளை அங்கே நிற்கையில் வேறு தளத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் போதும். பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டு, கதவு மூடிவிட்டதை நாமே பார்ப்பதுதான் வழி.

கிரில் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. முழுக்கப் பற்றவைத்து மூடிய கிரில் விழுவதைத் தடுக்கும், தீப்பிடித்தால் வெளியேறுவதையும் தடுக்கும். நியூயார்க் விதியும் தீத்தப்புப் படிக்கு இட்டுச்செல்லும் ஜன்னலில் தடுப்பு வைக்கக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறது. எனவே பட்டறைக்காரரிடம் சொல்லும்போதே, ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஓர் இடத்திலாவது, ஒரு ஆள் வெளியே வரும் அளவுக்குத் திறக்கும் கதவு வைக்கச் சொல்ல வேண்டும். அது தெருப் பக்கமோ, ஏணி வண்டி எட்டும் பக்கமோ இருக்கட்டும். பூட்டு துருப்பிடிக்காததாகப் பார்த்து வாங்கி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எண்ணெய் விட்டுத் திறந்து பார்க்க வேண்டும். சாவியை அந்த ஜன்னலுக்கு அருகிலேயே, பெரியவர் கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டி, வீட்டு வேலைக்கு வருபவர் உட்பட எல்லோருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆணிக்குக் கீழே நாற்காலி இருக்கக் கூடாது.